ஒரே ஒரு பிரதி வேண்டும்!

புத்தகக் கடைக்குச் சென்று ஒரு நூலின் பெயரைச் சொல்லிக் கேட்டு, "அது இப்போது அச்சில் இல்லையே, தம்பி" என்ற விடையோடு வெறுங்கையாகத் திரும்பிய அனுபவம் உங்களில் சிலருக்கேனும் இருக்கும். நான் கல்லூரியில் படித்த நாளில் மின்னியல் பற்றிய ஒரு பழைய தமிழ் நூலைத் தேடிச் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். கிடைக்கவில்லை. (அந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் தீக்கிரையாகிவிட்டது.) நூலை வெளியிட்ட பதிப்பகத்துக்கே போய்க் கேட்டேன். "நீ ஒருவன் கேட்கிறாய். உன் ஒருவனுக்காக ஆயிரம் பிரதி அடிக்க முடியுமா, தம்பி?" என்றார் அங்கிருந்த பெரியவர்.

அவர் சொன்னதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு பிரதி வேண்டுமானால் ஆயிரம் பிரதி அடித்தாக வேண்டும் என்பதே அன்றைய அச்சுத் தொழிலின் நிலை. இன்றோ அதே கேள்விக்கு, "தாராளமாக முடியும், ஒரே ஒரு பிரதி அடித்துத் தருகிறோம்" என்று பதில் சொல்லும் அச்சகங்கள் வந்துவிட்டன. 'தேவைக்கேற்ப அச்சிடல்' என்று இதனைக் கூறலாம். ஆங்கிலத்தில் 'பிரின்ட் ஆன் டிமாண்ட்'. பதிப்புத் துறையினர் சுருக்கமாக 'பி.ஓ.டி.' என்பார்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று? அன்று ஏன் முடியவில்லை? வாருங்கள், காண்போம்.

ஏன் ஆயிரம்?

பழைய அச்சுக்கூடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் அமைப்பார் கம்பாசிட்டர். எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் சேர்ந்தால் ஒரு பாரம். அந்தப் பாரத்தை அச்சடித்து முடித்ததும், அதே எழுத்துகள் அடுத்த பாரத்துக்கு வேண்டுமே! ஆகவே கோத்த எழுத்துகளை எல்லாம் பிரித்து, அறைப்பெட்டிகளில் பழையபடி போட்டுவிடுவார்கள். பிறகு ஒருவர் வந்து "இன்னும் பத்துப் பிரதி வேண்டும்" என்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் கோக்க வேண்டும். எனவே முதல் முறையிலேயே எத்தனை பிரதி விற்கும் என்று ஊகித்து அடித்துவிடுவது வழக்கமாயிற்று. தமிழில் பல காலம் அந்த எண்ணிக்கை 1,000 அல்லது 1,200.

பின்னர் ஆஃப்செட் முறை வந்தது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்பது உங்களுக்குத் தெரியும். 1796-இல் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் இந்த உண்மையைக் கொண்டே கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். ஆஃப்செட்டும் அதன் வழிவந்ததுதான். அலுமினியத் தகட்டில் எழுத்துள்ள இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையைப் பற்றும். வெற்றிடம் நீரைப் பற்றி மையை விலக்கும். ஈய எழுத்துகளைப் பிரிக்கும் தொல்லை நீங்கிற்று. ஆனாலும் தகடு செய்தாக வேண்டும். 160 பக்க நூல் ஒன்று, பாரத்துக்குப் பதினாறு பக்கம் என்றால் 10 பாரம். ஒவ்வொரு பாரத்துக்கும் தாளின் இரு புறத்துக்குமாக இரண்டு தகடுகள். ஆக 20 தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் எந்திரத்தில் மாட்டி, மையும் நீரும் சரியான அளவில் சேரும்வரை ஓட்டிப் பார்க்கும்போது எத்தனையோ தாள்கள் கழிவாகும். இவ்வளவும் முதல் பிரதி நல்லபடியாக வெளிவருவதற்கு முன்பே ஆகும் செலவு! அதன்பின் எந்திரம் சரசரவென்று ஓடும்; ஒவ்வொரு பிரதிக்கும் தாள், மை, பைண்டிங் செலவு மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கின் வசதிக்காக நானே எடுத்துக்கொண்டவை. தொடக்கச் செலவு ரூ. 20,000, பிரதி ஒன்றுக்கு ரூ. 40. ஆயிரம் பிரதி அடித்தால் மொத்தம் ரூ. 60,000, அதாவது பிரதிக்கு 60 ரூபாய். பத்துப் பிரதி மட்டும் அடித்தால்? மொத்தம் ரூ. 20,400. ஒரு பிரதியின் அடக்கவிலை 2,040 ரூபாய்! ஒரே பிரதி என்றால் 20,040 ரூபாய். அந்தப் பெரியவர் ஏன் என்னைத் திருப்பி அனுப்பினார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இப்போது தகடே இல்லாத ஒரு முறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தொடக்கச் செலவு அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் 100 ரூபாய் ஆகிறது. பிரதிகளின் எண்ணிக்கையை 'ப' என்று கொண்டால், இரு முறைகளின் செலவும் சமமாகும் இடம்:

20,000 + 40 ப = 100 ப

ப-வின் மதிப்பு ஏறத்தாழ 333. இந்த இரண்டு நேர்கோடுகளையும் கட்டத்தாளில் வரைந்து பாருங்கள். 333 பிரதிக்குக் கீழே புதிய முறை மலிவு. மேலே ஆஃப்செட் மலிவு. இதை மட்டும் பார்த்தால் ஆயிரம் பிரதி அடிப்பவருக்கு ஆஃப்செட்டே சிறந்தது என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றை நாம் விட்டுவிட்டோம். அடித்த பிரதிகள் விற்க வேண்டுமே! ஆயிரம் அடித்து முந்நூறுதான் விற்றது என்றால், 60,000 ரூபாயை 300-ஆல் வகுக்க வேண்டும். பிரதிக்கு 200 ரூபாய். மீதி 700 பிரதிகள் கட்டுக்கட்டாக வாடகைக் கிடங்கிலோ, சொந்தக் காசில் நூல் போட்ட கவிஞராயின் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ, கரையானுக்குக் காத்திருக்கும். இது மிகைப்படுத்திச் சொன்னதன்று. இப்படிக் கையைச் சுட்டுக்கொண்டு எழுதுவதையே விட்டவர்களை நான் அறிவேன்.

மறக்கும் உருளை

தகடில்லாத அச்சு எப்படி? பிளாஸ்டிக் சீப்பால் தலைவாரிவிட்டு அதைக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் காட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டுதான். பி.ஓ.டி. எந்திரத்தின் உயிர்நாடி அந்த நிலைமின்சாரமே.

1930-களில் நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் காப்புரிமை அலுவல் பார்த்துவந்தார். காப்புரிமை விவரங்களுக்குப் பிரதி எடுப்பது பெரும் தொல்லை. கையால் எழுத வேண்டும், அல்லது புகைப்படம் எடுக்க வேண்டும். அவருக்கோ கிட்டப்பார்வை, போதாக்குறைக்கு மூட்டுவலி. எளிய வழி ஒன்றைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டினார். சில பொருள்கள் இருட்டில் மின்சாரத்தைக் கடத்தா. வெளிச்சம் பட்டால் கடத்தும் என்று படித்தபோது அவருக்கு யோசனை பிறந்தது. இத்தகைய பொருள்களை ஒளிக்கடத்திகள் என்கிறோம்.

1938 அக்டோபர் 22. அஸ்டோரியா என்னும் பகுதியில் ஒரு வாடகை அறை. கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஆட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்னேற்றம் செய்தார்கள். கண்ணாடித் துண்டு ஒன்றில் அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதி, அதைத் தகட்டின்மேல் வைத்துச் சில விநாடிகள் பிரகாசமான விளக்கொளியைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடங்களில் கந்தகம் கடத்தியாகி, மின்னூட்டம் வடிந்துவிட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின்னூட்டம் தங்கிற்று. லைக்கோபோடியம் என்ற நுண்பொடியைத் தூவி, வாயால் ஊதினார்கள். என்ன வியப்பு! பொடி எழுத்தின் வடிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெழுகுத் தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தபோது எழுத்து தாளுக்கு வந்துவிட்டது. நீங்கள் தெருமுனையில் எடுக்கும் 'ஜெராக்ஸ்' அன்று பிறந்தது.

பிறந்தது என்றாலும் அதை எடுத்து வளர்க்க ஆளில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் "இது எதற்கு?" என்று கைவிரித்தன. 1944-இல்தான் ஒஹாயோ மாநிலத்தின் பாட்டெல் ஆராய்ச்சி நிலையம் முன்வந்தது. பிறகு ஹாலாய்டு என்ற சிறு கம்பெனி அதை ஏற்றது. அதுவே பின்னர் ஜெராக்ஸ் கம்பெனியாயிற்று. அவர்களுடைய புகழ்பெற்ற 914 எந்திரம் வெளிவந்தது 1959-இல். கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் இடையே 21 ஆண்டுகள்!

அடுத்த படியை எடுத்தவர் அதே கம்பெனியின் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர். மூலப்பிரதியின் நிழலை உருளையில் விழச் செய்வதற்குப் பதிலாக, கணிப்பொறி ஆட்டிவைக்கும் லேசர் கதிரால் உருளையின்மேல் நேரடியாக எழுதினால் என்ன என்று அவர் கேட்டார். அப்படிச் செய்தால் மூலப்பிரதியே வேண்டியதில்லை. கணிப்பொறியின் நினைவில் இருப்பது தாளுக்கு வந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் இதை அவர் செய்து காட்டினார். 1977-இல் 9700 என்ற எந்திரம் விற்பனைக்கு வந்தது.

அந்த எந்திரத்தின் உள்ளே நடப்பதை மெதுவாக்கிப் பார்ப்போம். ஒளிக்கடத்தி பூசிய உருளை சுழலும்போது அதன் மேற்பரப்பு முழுவதும் மின்னேற்றம் பெறுகிறது. சுழலும் பலமுகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் கதிர், உருளையின் குறுக்கே வரிவரியாக ஓடுகிறது; ஓடும்போதே அணைந்து அணைந்து எரிகிறது. அதனால் உருளையில் புள்ளிகளாக ஒரு மறைபடம் உருவாகிறது. கரிய டோனர் பொடி அந்தப் புள்ளிகளில் ஒட்டுகிறது. தாள் அருகே வந்ததும், தாளுக்குப் பின்னால் உள்ள மின்புலம் பொடியைத் தாளின்மேல் இழுத்துக்கொள்கிறது. சூடான உருளைகளின் இடையே தாள் செல்லும்போது பொடி உருகி இழைகளோடு ஒன்றிவிடுகிறது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால், ஐந்து அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள அச்சுப் பரப்பில் எத்தனை புள்ளிகள் இருக்கலாம்? பெருக்கிப் பாருங்கள்: ஒரு கோடியே நாற்பத்து நான்கு லட்சம்!

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். மிஞ்சிய பொடி துடைக்கப்பட்டு, ஒளி காட்டப்பட்டு, உருளையில் எஞ்சிய மின்னூட்டமும் நீக்கப்படுகிறது. உருளை தான் எழுதியதை மறந்துவிடுகிறது. அடுத்த சுற்றில் வேறு பக்கத்தை எழுதலாம். ஆஃப்செட் தகட்டால் இது முடியாது. ஒன்பதாம் பக்கத்தைத் தாங்கிய தகடு ஆயிரம் முறை சுழன்றாலும் ஒன்பதாம் பக்கத்தைத்தான் அடிக்கும். மறக்கும் உருளையோ முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று வரிசையாக 160 பக்கத்தையும் அடித்துவிட்டு, மூச்சு விடாமல் வேறொரு நூலைத் தொடங்கும். ஒரே மாதிரியான ஆயிரம் நூல்களும் வெவ்வேறான ஆயிரம் நூல்களும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. ஒரு பிரதி அச்சிடுவது சாத்தியமானதன் இரகசியம் இந்த மறதியில் இருக்கிறது.

இன்றைய பெரிய அச்சகங்களில் டோனருக்குப் பதிலாக நுண்துளைகள் வழியே மையைத் துளித்துளியாகப் பீய்ச்சும் எந்திரங்களும் உள்ளன. தாள் சுருளை நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் இழுத்து ஓட்டுபவை அவை. அங்கும் தகடு கிடையாது.

கூழாகிய புத்தகங்கள்

எந்திரம் தயாரானவுடன் பதிப்புத் தொழில் மாறிவிடவில்லை. மாற வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்காவே நல்ல எடுத்துக்காட்டு.

அங்கே 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது ஒரு வழக்கம் வேரூன்றியது. கடைக்காரர் விற்காத புத்தகங்களைப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இல்லாத சலுகை! அனுப்பியவற்றில் நூற்றுக்கு இருபது, முப்பது திரும்பி வருவது அங்கே சகஜம். போகும் லாரிக்கும் வரும் லாரிக்கும் வாடகை. வந்தவற்றை அடுக்கக் கிடங்கு.

அடுத்து ஒரு வேடிக்கை. தோர் என்ற கைக்கருவிக் கம்பெனி, விற்காத உதிரிப் பாகங்களின் மதிப்பைக் கணக்கில் குறைத்துக் காட்டி வரிச் சலுகை கேட்டது. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை மறுத்துவிட்டது. துளைபோடும் கருவிக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மெதுவாக விற்கும் நூல்களைக் கிடங்கில் வைத்துக்கொண்டு அவற்றின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது பதிப்பாளர்களின் வழக்கமாகவும் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அது செல்லவில்லை. நஷ்டத்தைக் காட்ட வேண்டுமானால் நூலை உண்மையிலேயே கழித்துவிட வேண்டும். விளைவு? ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று விற்றுவந்த நல்ல நூல்கள் பல, முன்னைவிட விரைவாக அடிமாட்டு விலைக்கும் காகிதக் கூழ் ஆலைக்கும் போயின. அவற்றுக்குப் பிறகு 'அச்சில் இல்லை' என்ற முத்திரை.

லா வெர்னில் ஒரு பரிசோதனை

டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகருக்கு அருகே லா வெர்ன் என்ற ஊர் உள்ளது. இங்கிராம் என்ற பெரிய புத்தக மொத்த வியாபாரிகளின் இருப்பிடம் அது. 1997-இல் அவர்கள் 'லைட்னிங் பிரின்ட்' என்ற பெயரில் ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். (2000-இல் அதன் பெயர் லைட்னிங் சோர்ஸ் என்றாயிற்று.) அவர்களுடைய யோசனை மிக எளிமையானது. பதிப்பாளர் நூலின் கணிப்பொறிக் கோப்பை மட்டும் கொடுத்துவைத்தால் போதும். கடையிலிருந்து ஆர்டர் வந்த பிறகு, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அச்சடித்து அனுப்புவார்கள். கிடங்கில் புத்தகத்துக்குப் பதில் கோப்பு இருக்கும். முன்பெல்லாம் அச்சடித்துவிட்டு வாங்குவோரைத் தேடினார்கள்; இங்கே வாங்குவோர் வந்த பிறகு அச்சடிக்கிறார்கள்.

எளிமையான யோசனைதான், ஆனால் அதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டை ஓர் எந்திரத்தில் வண்ணத்தில் அச்சாகும். உள்பக்கங்கள் வேறோர் எந்திரத்தில் கறுப்பில் அச்சாகும். ஆயிரம் பிரதிகளும் ஒரே நூலாக இருந்தால் எந்த அட்டையை எதற்குப் போட்டாலும் கவலையில்லை. இங்கே அடுத்தடுத்து வருபவை வெவ்வேறு நூல்கள். சமையல் நூலின் அட்டைக்குள் சட்டப் புத்தகம் போய்விட்டால்? ஆகவே அட்டை, உள்பக்கக் கட்டு இரண்டிலும் பட்டைக்குறியீடு அச்சிடப்படுகிறது. பைண்டிங் எந்திரம் இரண்டையும் படித்துப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டுமே சூடான பசையிட்டு ஒட்டும்; பின்பு மூன்று புறமும் ஓரம் வெட்டும்.

முதுகின் தடிமனும் ஒரு பிரச்சினை. 160 பக்கம் என்றால் 80 தாள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 8 மி.மீ. அடுத்து வரும் நூலுக்கு 25 மி.மீ. இருக்கலாம். அட்டை வரைபவர் பக்க எண்ணிக்கையைக் கேட்டு, இதை முன்னதாகவே கணக்கிட்டு வரைகிறார். கணக்கு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்னட்டைக்கு வழிந்துவிடும். உங்கள் வீட்டு நூல் ஒன்றின் தாள்களை எண்ணி, அளவுகோலால் முதுகை அளந்து, தாளின் தடிமனை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இதனால் நூல் அனுப்பும் வழியும் மாறியது. லண்டன் பதிப்பாளரின் நூலை ஆஸ்திரேலியாவில் ஒருவர் கேட்டால், முன்பு கப்பலில் வாரக்கணக்கில் வந்துசேர வேண்டும். லைட்னிங் நிறுவனம் இங்கிலாந்தின் மில்டன் கீன்சிலும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் அச்சகங்கள் அமைத்தது. கோப்பு கம்பி வழியே கடல் தாண்டுகிறது. தாள் அந்தந்த ஊர்த் தாளே. பழைய நூல்களுக்கும் மறுவாழ்வு வந்தது. லண்டனின் ஃபேபர் பதிப்பகம் 2008-இல் தன் பழைய நூல்களை இம்முறையில் கொண்டுவரத் தொடங்கிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009 முதல் தன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த பழைய அறிவியல், வரலாற்று நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இவ்வாறே வெளியிட்டுவருகிறது. ஆண்டுக்கு நான்கு பேர் வாங்கினாலும் நஷ்டமில்லை.

கடைக்குள்ளேயே அச்சகம்

நியூயார்க்கின் மூத்த பதிப்பாசிரியர் ஜேசன் எப்ஸ்டைனுக்கு இதுவும் போதவில்லை. கடைக்குள்ளேயே ஓர் எந்திரம் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் நூலைச் சொன்னதும், ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் சுடச்சுட அது வெளியே விழ வேண்டும் என்று கனவு கண்டார். அந்த எந்திரத்துக்குக் காப்பியின் பெயரையே வைத்தார்கள்: எஸ்பிரஸோ புத்தக எந்திரம். 2006-இல் வாஷிங்டனில் உலக வங்கியின் புத்தகக் கடையில் ஒன்று நிறுவப்பட்டது. எகிப்தின் அலெக்சாண்டிரியா நூலகத்துக்கும் ஒன்று போயிற்று. முந்நூறு பக்க நூலைச் சில நிமிடங்களில் அச்சடித்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டித் தள்ளும் அதன் உட்புறத்தைக் கண்ணாடி வழியே காணலாம். மக்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் இது பரவவில்லை. எந்திரத்தின் விலையோ லட்சம் டாலரை ஒட்டியது. பசையும் டோனரும் தாள் சிக்கலும் புத்தகம் விற்பவரைப் பொறியாளராக்கின. அதற்குள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய அச்சகம் ஓரிரு நாளில் அதைவிட மலிவாக அடித்துக் கூரியரில் அனுப்பத் தொடங்கிவிட்டது. எனக்கு அந்த எந்திரத்தின்மேல் இன்றும் ஒரு தனி ஆசை உண்டு. என்றாலும், கண்ணைக் கவரும் எந்திரம் கணக்கில் தேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுத்தாளரின் கவலை

எந்த நூலும் இனி 'அச்சில் இல்லை' ஆகாது என்றால் எழுத்தாளர்கள் மகிழ வேண்டுமே! எல்லோரும் மகிழவில்லை. காரணம் இதுதான். நூல் அச்சில் இல்லாமல் போனால் அதன் உரிமை ஆசிரியருக்கே திரும்பும் என்று ஒப்பந்தங்களில் ஒரு விதி உண்டு. பதிப்பாளர் கைவிட்ட நூலை ஆசிரியர் வேறிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இப்போதோ பதிப்பாளர் கணிப்பொறியில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, "கேட்டால் அடித்துத் தருவோம், ஆகவே நூல் அச்சில்தான் இருக்கிறது" என்று சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் உரிமை அவர் கையை விட்டுப் போகாது! 2007-இல் சைமன் அண்ட் ஷஸ்டர் என்ற பெரிய பதிப்பகம் தன் ஒப்பந்தத்தை இந்த வகையில் மாற்ற முற்பட்டபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தது. பதிப்பகம் இறங்கிவந்தது. இத்தனை பிரதியாவது, அல்லது இவ்வளவு வருமானமாவது வந்தால்தான் 'அச்சில் உள்ளது' என்று கொள்ள வேண்டும் என எழுதிக்கொள்வதே நியாயமான வழி என்று நினைக்கிறேன். உங்களில் எதிர்கால எழுத்தாளர்கள் இருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. முன்பு ஆயிரம் பிரதிக்குப் பணம் போட வேண்டியிருந்ததால், அதற்குமுன் யாராவது கையெழுத்துப் பிரதியைப் படித்துத் தகுதி பார்ப்பார்கள். இன்று காசில்லாமலே நூலைச் சந்தையில் வைக்கலாம். கேள்விப்படாத எத்தனையோ நல்ல எழுத்தாளர்களுக்கு அது கதவைத் திறந்தது. கூடவே, பிழை மலிந்த குப்பையும் வந்தது. எந்திரமே எழுதித் தள்ளிய நூல்கள் வந்து குவியவே, அமேசான் நிறுவனம் 2023-இல் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு கட்ட நேர்ந்தது. ஒரு நாளைக்கு மூன்று நூல்! கம்பரே வந்தாலும் திகைத்துப்போவார்.

நம் ஊரில்

தமிழ்ப் பதிப்புலகில் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்த பதிப்பாளர்கள் பலர் இன்று நூறு, ஐம்பது என்று அடித்து, தீரத் தீர மறுபடி அடித்துக்கொள்கிறார்கள். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முந்திய வாரங்களில் இந்த அச்சகங்களுக்கு ஓய்வே இராது. பள்ளிப் பாடநூல் போல லட்சக்கணக்கில் வேண்டியவை மட்டும் என்றும் ஆஃப்செட்டுக்கே உரியவை. நாம் போட்ட கணக்கே அதைச் சொல்லிவிடும். வண்ணப் படங்கள் நிறைந்த குழந்தை நூல்களையும் ஐம்பது ஐம்பதாக அடித்துக் கட்டுபடியாகும் விலையில் தருவது கடினம். விலையும் ஒரு குறைதான். பிரதிக்கு 100 ரூபாய் அடக்கமாகும் நூலை 100 ரூபாய்க்கு விற்க இயலாதே! மாணவர்களின் சட்டைப் பையை அது கடிக்கிறது.

தமிழுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. ஈய எழுத்தில் கோத்த பழைய நூல்களுக்குக் கோப்பு ஏது? யாராவது ஒரு பிரதியைத் தேடிப் பிடித்துப் படமெடுக்க வேண்டும், அல்லது மறுபடி தட்டச்சு செய்து பிழை திருத்த வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யாரும் வெளியிடலாம். மற்ற நூல்களுக்கு நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை பெற வேண்டும். ஆக, எந்திரம் ஒரு பிரதியை அடிக்கத் தயாராக நின்றாலும், அதற்கு ஊட்டுவதற்கு நல்ல நிலையில் உள்ள அந்த முதல் பிரதி எங்கேனும் இருந்தாக வேண்டும். பாட்டனார் பெட்டியில் கிடக்கும் பழைய நூலைக் கடையில் எடைக்குப் போடும்முன் ஒருமுறை உங்கள் ஊர் நூலகரிடம் காட்டுங்கள்.

நான் தேடிய மின்னியல் நூலை இன்றும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு சிறு வேலை. அண்மையில் வெளிவந்த ஆங்கில நூல்கள் சிலவற்றை நூலகத்தில் எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில், ஆசிரியருக்கும் கதைக்கும் தொடர்பில்லாத வெற்றுத்தாளின் அடியில், சிறிய பட்டைக்குறியீடும் அச்சான ஊரின் பெயரும் இருக்கும். சிலவற்றில் தேதியும் இருக்கும். அத்தகைய நூல் ஒன்று கிடைத்தால், முதல் பக்கத்தில் உள்ள பதிப்பு ஆண்டோடு அந்தத் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பல ஆண்டுகள் இடைவெளி இருக்கலாம். அந்தத் தேதிக்குச் சற்று முன்புதான் யாரோ ஒருவர் அந்நூலைக் கேட்டிருப்பார்.